மானியம் துறைமுகத்தில், மாடு தொப்பூரில்!

கிழக்கு வெளுக்கவில்லை. ஊர் உறங்குகிறது. தொப்பூர்க் கணவாய் மட்டும் உறங்கவில்லை. பெங்களூரிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, அங்கேதான் மலையை விட்டு இறங்குகிறது. பிரேக் பிடிக்காத வண்டிகளால் எத்தனையோ வீடுகளின் விளக்கை அணைத்துவிட்ட இறக்கம் அது. இரும்பு ஏற்றிய லாரி, தக்காளி ஏற்றிய லாரி, ஒன்றன்பின் ஒன்றாக, பெருமூச்சு விட்டபடி ஊர்ந்து வருகின்றன. அவற்றின் நடுவே, வெள்ளி வயிறு மின்ன, ஒரு பால் டாங்கர்!

சாலையை விட்டுச் சற்றே விலகி நின்றிருந்தோம். எவர்சில்வர் கேனை இடுப்பிலே அணைத்தபடி ஒரு மூதாட்டி சொசைட்டியை நோக்கி நடந்து வந்தார். டாங்கரையும் பார்த்தோம், கேனையும் பார்த்தோம். அந்தப் பெரிய வயிறு நிறைவது, இந்தச் சிறிய கேனால் அல்லவா!

“எத்தனை லிட்டரம்மா?” என்று கேட்டோம்.

“காலையிலே ஆறு, சாயந்திரம் நாலு, தம்பி. ரெண்டு மாடு.”

“வீட்டுக்கு எவ்வளவு எடுத்துக்கொள்வீர்கள்?”

அம்மையார் சிரித்தார். “பேரனுக்குக் கடுங்காப்பிதான் தம்பி. வீட்டுக்கு எடுத்தா அளவு குறையுது. அளவு குறைஞ்சா புண்ணாக்குக் கடன் ஏறுது.”

“பால் பண்டங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப சர்க்கார் மானியம் கொடுத்ததே, கேள்விப்பட்டதுண்டா?”

நின்றார். கேனை இறக்கி வைத்தார். முகத்திலே ஒரு மின்னல். “மானியமா? எங்கே எழுதிக் கொடுக்கணும் தம்பி? ஆதார் அட்டை வேணுமா?”

ஆதார் அட்டை வேண்டாம். ஏனென்றால், அந்த மானியம் அவருக்கானதல்ல! பால் கறந்தது அவர். பெயர் எழுதப்பட்டது பால் உற்பத்தியாளருக்கு உதவி என்று. பணம் போய்ச் சேர்ந்தது, கப்பலுக்குச் சரக்கு ஏற்றியவரிடம்! இதை அந்த அம்மையாரிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை. அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறோம்.

கதை 2018-ஆம் ஆண்டிலே துவங்குகிறது. நாடெங்கும் பால் பவுடர் மலையாகக் குவிந்து கிடந்தது. உலகச் சந்தையிலே 2013, 2014 வாக்கில் டன்னுக்கு ஏறத்தாழ 5,000 டாலர் விற்ற கொழுப்பு நீக்கிய பால் பவுடர், 2,000 டாலர் அளவுக்கு விழுந்து கிடந்தது. ஐரோப்பாவின் கிடங்குகளிலே மட்டும் 3 இலட்சத்து 80 ஆயிரம் டன் தேங்கிக் கிடந்தது. வாங்குவார் இல்லை. பவுடர் விற்கவில்லை என்றதும் ஆலைக்காரர்கள் என்ன செய்தனர்? கொள்முதல் விலையைக் குறைத்தனர். மராட்டியத்திலே சர்க்கார் நிர்ணயித்த விலை லிட்டருக்கு 27 ரூபாய். உழவன் கையிலே கிடைத்ததோ பல இடங்களில் 17 ரூபாய்! தண்ணீர்ப் புட்டியின் விலைக்குத் தாய்ப்பசுவின் பால்! அந்த ஜூலை மாதத்தில் மராட்டிய உழவர்கள் நெடுஞ்சாலையிலே பாலைக் கொட்டிக் கிளர்ச்சி செய்தார்கள்.

டில்லி விழித்தது. விழித்தது மட்டுமல்ல, வாரி வழங்கவும் முன்வந்தது. ஏற்றுமதி ஊக்கத் திட்டத்தின் கீழ், பால் பண்டங்களுக்கு ஜூலையிலே 10 விழுக்காடு என்றார்கள். செப்டம்பரிலே அதையே 20 விழுக்காடு ஆக்கினார்கள். நூறு ரூபாய்ச் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பினால், 20 ரூபாய் பரிசு!

பரிசு எப்படி வரும்? ரொக்கமாக அல்ல, ஒரு சீட்டாக வரும். அந்தச் சீட்டைக் கொண்டு இறக்குமதி வரியைக் கட்டலாம். வரி கட்ட வேண்டிய தேவை இல்லையா? வேறொரு வணிகரிடம் விற்றுக் காசாக்கிக் கொள்ளலாம். கைமாறக் கூடிய சீட்டு! ஏற்றுமதியாளர் கையிலிருந்து இறக்குமதியாளர் கைக்குச் செல்லும். இறக்குமதியாளர் கையிலிருந்து சுங்கச் சாவடிக்குச் செல்லும். கை மாறும், கை மாறும், சாணம் அள்ளிய கைக்கு மட்டும் வராது! தொப்பூரிலே மாடு, துறைமுகத்திலே மானியம். இடையிலே இருப்பது கணவாய் மட்டுமல்ல தோழர்களே, ஒரு பெரிய பள்ளத்தாக்கு!

மாநிலங்களும் தம் பங்குக்கு இறங்கின. குஜராத் அரசு கிலோ பவுடர் ஏற்றுமதிக்கு 50 ரூபாய் என்று அறிவித்து, 300 கோடி ரூபாய் ஒதுக்கியது. மராட்டியமும் கிலோவுக்கு 50 ரூபாய் என்றது.

கிலோவுக்கு 50 ரூபாய் என்றால் என்ன பொருள்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ பவுடருக்கு ஏறத்தாழ பதினொன்றரை லிட்டர் பசும்பால் வேண்டும். 50 ரூபாயைப் பதினொன்றரையால் வகுத்தால், லிட்டருக்கு நான்கு ரூபாய்ச் சொச்சம். அதாவது, அந்த மானியம் முழுவதும் கறந்தவர் கைக்கே வருமானால், நாம் கண்ட மூதாட்டிக்கு நாள் ஒன்றுக்கு 40 ரூபாய். மாதத்துக்கு 1,200 ரூபாய்! கோடீசுவரருக்கு அது ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு. தொப்பூரிலே அது ஒரு மூட்டைத் தீவனத்தின் விலையில் பெரும்பகுதி. அது பேரனின் டம்ளரிலே ஊற்றப்படும் பால். அது, மாட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை.

“ஏனப்பா பொருளாதாரம் புரியாமல் பேசுகிறாய்? பவுடர் வெளியேறினால் தேக்கம் தீரும். தேக்கம் தீர்ந்தால் விலை ஏறும். விலை ஏறினால் உழவனுக்கும் கிடைக்கும்!” என்று வாதிடுவோர் உண்டு. வாதத்தை நாம் தள்ளிவிடவில்லை. அதிலே உண்மையும் உண்டு. 2018–19-இல் இந்தியாவிலிருந்து சென்ற பால் பண்டங்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 13 ஆயிரம் டன். தேக்கம் கரைந்தது. 2019-இன் இறுதியிலே பவுடர் விலையும் ஏறியது. மறுக்கவில்லை.

ஆனால் கேட்கிறோம்: விலை ஏறிய அன்று பவுடர் யார் கிடங்கிலே இருந்தது? தொப்பூர்க் குடிசையிலா? பாலைப் பிடித்து வைக்க முடியாது தோழர்களே! காலையிலே கறந்தது மாலைக்குள் விற்றாக வேண்டும். நெல்லென்றால் பத்தாயத்திலே போட்டு, விலை வரும்வரை காத்திருக்கலாம். பாலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. காத்திருக்கக் கூடியவன், அதைப் பவுடராக்கும் வசதி படைத்தவன் மட்டுமே. விலை வீழ்ந்தால் அடி, காத்திருக்க முடியாதவனுக்கு. விலை ஏறினால் ஆதாயம், காத்திருக்க முடிந்தவனுக்கு. மானியமும் அவனுக்கே என்றால், இது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் கவனியுங்கள். அடுத்த ஆண்டிலே, 2019–20-இல், ஏற்றுமதி ஏறத்தாழ 51 ஆயிரம் டன்னுக்கு இறங்கிவிட்டது. ஓராண்டு ஓடியது, மறு ஆண்டு பாதியாகச் சுருங்கியது. உலகிலே மிக அதிகமாகப் பால் கறக்கும் நாடு நம்முடையது. 2023–24-இல் 23 கோடியே 90 இலட்சம் டன். அந்தக் கடலிலே, ஏற்றுமதி ஆனது ஏறத்தாழ 64 ஆயிரம் டன் பண்டம். கடலிலிருந்து ஒரு கை நீர்! அந்தக் கை நீரை அள்ளுவோருக்கு விருந்து. கடலை நிரப்புவோருக்குப் பட்டினி!

சரி, வெளிநாட்டிலே நல்ல விலை கிடைத்த காலமும் இருந்ததல்லவா? அப்போது டில்லி என்ன செய்தது? 2011 பிப்ரவரியிலே பால் பவுடர் ஏற்றுமதிக்குத் தடை போட்டது! 2012 ஜூன் வரையிலே அந்தப் பூட்டு திறக்கவில்லை. நகரத்திலே பால் விலை ஏறுகிறது என்று காரணம் சொன்னார்கள். நகரத்துக் குழந்தைக்குப் பால் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் விலை ஏறும்போது கதவைச் சாத்தி, உழவனுக்கு வரவேண்டிய ஆதாயத்தைத் தடுத்தார்கள். விலை வீழ்ந்தபோது கதவைத் திறந்து, வணிகனுக்கு ஊக்கத் தொகை கொடுத்தார்கள். மழை பெய்யும்போது குடத்தைக் கவிழ்த்தார்கள். வெயில் காயும்போது குடத்துக்குப் பூச்சூட்டினார்கள்! நட்டம் வந்தால் குடிசைக்கு, இலாபம் வந்தால் மாளிகைக்கு என்று எழுதாத சட்டம் ஒன்று டில்லியிலே இருக்கிறது போலும்!

உலகம் இந்தப் பாடத்தை நமக்கு முன்பே படித்தது. ஐரோப்பிய நாடுகள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் உழவருக்கு விலை உத்தரவாதம் தந்தன. வெண்ணெய் மலையாகக் குவிந்தது. அந்த மலையைக் கரைக்க, ஏற்றுமதிக்கு மானியத்தைக் கொட்டின. மலிவுப் பவுடர் உலகெங்கும் பாய்ந்தது. ஜமைக்கா என்றொரு சின்னஞ்சிறு தீவு. 1990-களிலே, வாங்கிய கடனுக்காக இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்ட நாடு. ஐரோப்பிய மானியப் பவுடர் வந்து இறங்கியதும், அந்தத் தீவின் உழவர்கள் கறந்த பாலைக் கொட்டினார்கள். மாடுகளை இறைச்சிக்கு அனுப்பினார்கள். ஒரு நாட்டு மானியம், இன்னொரு நாட்டு ஏழையின் தொழுவத்தைக் காலி செய்தது!

நாளை நம் மானியப் பவுடர் எந்த ஏழை நாட்டுக் கரையிலே போய் இறங்குமோ! அங்கேயும் ஒரு தொப்பூர் இருக்கும். அங்கேயும் ஒரு மூதாட்டி கேனோடு நிற்பாள். அவள் மொழி வேறு, நிறம் வேறு. மாடு ஒன்றுதான், கண்ணீரும் ஒன்றுதான்!

நியூசிலாந்தைப் பாருங்கள். கறக்கும் பாலிலே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஏற்றுமதி செய்யும் நாடு. 1984-இலே வேளாண் மானியங்களை அறவே நீக்கத் தொடங்கியது. மானியமின்றியே உலகச் சந்தையிலே நிற்கிறது. அவர்களுக்குப் புல்வெளி உண்டு, பரந்த நிலம் உண்டு. தருமபுரிக்கு வறட்சி உண்டு. ஒப்பிட முடியாதுதான். அதனால்தான் சொல்கிறோம்: அவர்களோடு துறைமுகத்திலே போட்டியிட நம் பணத்தைக் கொட்டுவது, காட்டு வெள்ளத்தைக் கைக்குட்டையால் துடைப்பது!

சர்வதேச வாணிப மன்றமும் இதற்கு வேலி போட்டுவிட்டது. 2015 டிசம்பரில் நைரோபியில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் மாநாடு, வேளாண் ஏற்றுமதி மானியங்களை ஒழிப்பதென்று முடிவு செய்தது. 2019 அக்டோபரில், அதே அமைப்பின் விசாரணைக் குழு, இந்தியாவின் ஏற்றுமதி ஊக்கத் திட்டங்கள் விதிக்கு முரணானவை என்று தீர்ப்புரைத்தது. அந்தச் சீட்டுத் திட்டம் முடிந்து, 2021 ஜனவரி முதல் வேறொரு வரித் திரும்பளிப்புத் திட்டம் அதன் இடத்துக்கு வந்தது. பெயர் மாறியது, முகவரி மாறவில்லை. அதுவும் ஏற்றுமதியாளர் பெயருக்கே!

“அப்படியானால் மானியமே கூடாது என்கிறாயா?” என்று கேட்பீர்கள். அல்ல, அல்ல! மானியம் வேண்டும். மடியிலே அளக்கும் மானியம் வேண்டும். மரக்கலத்திலே அளக்கும் மானியம் வேண்டாம். எத்தனை லிட்டர் ஊற்றினாய், அத்தனை லிட்டருக்கு இந்தா உன் காசு! இதுதான் நாம் கேட்பது.

கனவு காண்பதாக எண்ணாதீர்கள். தொப்பூரிலிருந்து வடக்கே போனால், ஓசூரைத் தாண்டியதும் கருநாடகம். அங்கே 2008-இல் லிட்டருக்கு 2 ரூபாய் என்று, கூட்டுறவுச் சங்கத்திலே பால் ஊற்றுவோருக்கு அரசு ஊக்கத் தொகை தரத் தொடங்கியது. 2013-இல் 4 ரூபாய். 2016-இல் 5 ரூபாய். கட்சிகள் மாறின, முதலமைச்சர்கள் மாறினர். அந்த ஊக்கத்தொகை வளர்ந்துகொண்டே வந்தது. கப்பலைத் தேடிப் போகவில்லை அந்தப் பணம்; கறந்தவரைத் தேடி வந்தது.

தமிழகத்திலும் வழி பிறந்தது. 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாகவும், எருமைப்பால் விலையை 41-இலிருந்து 44 ரூபாயாகவும் அரசு உயர்த்தியது. 2023 டிசம்பர் 18 முதல், லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத் தொகையும் அறிவித்தது. மகிழ்ச்சி. ஆனால் மகிழ்ச்சியோடு மறந்துவிட நாம் தயாராயில்லை. அதே 2023-இன் மார்ச்சில், பால் உற்பத்தியாளர்கள் 7 ரூபாய் உயர்வு கேட்டுப் போராடியதையும் நாம் அறிவோம். கேட்டது ஏழு, கிடைத்தது மூன்று. கோட்டையிலே யார் அமர்ந்திருந்தாலும் சொல்வோம்: தீவன விலை ஏறும்போது ஊக்கத் தொகையும் ஏற வேண்டும். பால் பட்டுவாடா நடக்கும் அன்றே அதுவும் சேர்ந்து வர வேண்டும். பசுவுக்குத் தவணை தெரியாது. அன்றன்று தின்றால்தான் அன்றன்று கறக்கும்!

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். 2023 மே மாதத்திலே தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், டில்லியின் உள்துறை மற்றும் கூட்டுறவுத் துறை அமைச்சர் அமித் ஷாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். குஜராத்தின் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம், அதாவது அமுல், கிருஷ்ணகிரி மாவட்டத்திலே பால் குளிரூட்டும் நிலையங்களை அமைத்திருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர் உள்ளிட்ட மாவட்டங்களிலே பாலைக் கொள்முதல் செய்யத் திட்டமிடுகிறது என்பது கடிதத்தின் சாரம். ஆவினின் குடையின் கீழ் 9,673 சங்கங்கள், ஏறத்தாழ நாலரை இலட்சம் உறுப்பினர்கள், நாள்தோறும் 35 இலட்சம் லிட்டர் என்று கணக்கும் காட்டியிருந்தார்.

அமுலின் மீது நமக்குப் பகையில்லை. 1946-இலே, விலை வைக்கும் முதலாளியை எதிர்த்து, கைரா உழவர்கள் கட்டிய கோட்டை அது. திரிபுவன்தாஸ் படேல் தலைமை தாங்கினார். கோழிக்கோட்டிலே பிறந்து, சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்த வர்கீஸ் குரியன் அதை வளர்த்தார். அதைப் போற்றுகிறோம். அங்கே ஏற்றுமதி மானியம் கிடைத்தாலும், ஆலை உழவருடையது என்பதால், ஒரு பங்காவது உறுப்பினர் வீட்டுக்குத் திரும்பும். அந்த நியாயம் அங்கே இருக்கிறது. அதே நியாயத்தைத்தான் தருமபுரிக்கும் கேட்கிறோம். குஜராத் உழவருக்குக் குஜராத் கூட்டுறவு காவல் என்றால், தொப்பூர் உழவருக்குத் தமிழகக் கூட்டுறவு காவலாக இருக்க வேண்டாமா?

எண்ணிப் பாருங்கள். ஏற்றுமதிக்கு மானியம் என்றால், பவுடர் ஆலை எங்கே மிகுதியோ அங்கே பணம் பாயும். தமிழகத்துப் பாலோ பெரும்பகுதி பாலாகவே வீடுகளுக்குப் போகிறது. ஆகவே துறைமுகத்திலே அளந்தால், தமிழகத்தின் பங்கு துளி. 2023 ஜனவரியிலே ஏற்றுமதிக்கென்றே ஒரு தேசியக் கூட்டுறவு நிறுவனத்தை டில்லி அமைத்தது. அமுலின் விற்பனைக் கூட்டமைப்பு அதன் நிறுவன உறுப்பினர்களிலே ஒன்று. கூட்டுறவு, அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. வெளிநாட்டு வாணிபம் டில்லியின் கையிலே. மாடு மாநிலத்துக்கு, மானியச் சாவி டில்லிக்கு! மாநில உரிமை என்று நாம் பேசும்போது, “இவர்களுக்கு வேறு வேலை இல்லை” என்பாருக்குச் சொல்கிறோம்: மாநில உரிமை என்பது மேடைக்கு மட்டும் உரிய சொல் அல்ல, அது தொப்பூர் மூதாட்டியின் கேனுக்குள்ளே இருக்கிறது!

தேக்கம் வந்தால் என்ன செய்வது? பவுடர் மலையாகக் குவிந்தால் எங்கே அனுப்புவது? இந்தக் கேள்விக்கும் விடை உண்டு. அந்த விடையைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை.

1920-இலே, நீதிக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்திலே, சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். காமராசர் மதிய உணவைப் பரப்பினார். எம்.ஜி.ஆர். 1982-இலே அதைச் சத்துணவாக்கினார். கலைஞர் முட்டை வைத்தார். 2022 செப்டம்பரிலே காலைச் சிற்றுண்டியும் துவங்கியது. நூறாண்டுகளாக, பிள்ளையின் தட்டை நிரப்பியே வளர்ந்த மண் இது. அந்தத் தட்டின் பக்கத்திலே ஒரு டம்ளர் பால் இருந்தால் என்ன? கருநாடகம் 2013 ஆகஸ்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் வழங்கத் தொடங்கியது. தேங்கிய பவுடர், பிள்ளைகளின் டம்ளரிலே பாலாகியது.

இந்தியாவிலே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலே நூற்றுக்கு 35 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் என்று, 2019–21-இல் டில்லி சர்க்கார் எடுத்த குடும்ப நல ஆய்வே கூறுகிறது. உயரம் குறைந்த பிள்ளைகள் உள்ள நாடு, உலகிலேயே அதிகப் பால் கறக்கும் நாடு! அந்தப் பாலை வெளியே அனுப்ப, உள்ளே வரி வாங்கிய பணத்திலிருந்து பரிசு! 2022 ஜூலையிலே உறையிட்ட தயிருக்கும் மோருக்கும்கூட 5 விழுக்காடு வரி போட்டவர்கள், பவுடர் கப்பலுக்கு 20 விழுக்காடு பரிசு வழங்கியவர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம். ஏழை கரைத்துக் குடிக்கும் மோருக்கு வரி. வெளிநாட்டான் கரைத்துக் குடிக்கும் பவுடருக்கு மானியம்!

தொப்பூர் இருக்கும் மண், பழைய தகடூர் மண். அதியமான் ஆண்ட மண். அரிதிலே கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த கதை, இங்கே ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். அந்தக் கொடையிலே ஓர் ஒழுங்கு இருந்தது. யாருக்குத் தர வேண்டுமோ, அவர் கையிலே தந்தான். டில்லியின் கொடையைப் பாருங்கள்! ஔவைக்கு நெல்லிக்கனி என்று ஊரெங்கும் பறை சாற்றியாயிற்று. கனியை மட்டும், அதைக் கூடையிலே சுமந்து விற்க வந்த தரகனிடம் கொடுத்தாயிற்று! “தரகன் தின்று தெம்பானால், ஔவைக்கும் நன்மைதானே” என்று விளக்கம் வேறு!

வேண்டாம் அந்த விளக்கம். நாம் கேட்பவை மூன்றே. பாலுக்கு உதவி என்று ஒதுக்கும் பணத்தை, சங்கத்திலே ஊற்றும் லிட்டருக்குக் கணக்கிட்டு, ஊற்றியவர் கணக்கிலே சேருங்கள். தேங்கும் பவுடரைக் கப்பலுக்கு முன்பாகப் பள்ளிக்கு அனுப்புங்கள். வெளிநாட்டுச் சந்தையிலே நல்ல விலை வரும் காலத்திலே, கதவைச் சாத்துமுன் கறந்தவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பொழுது விடிந்துவிட்டது. அம்மையார் பாலை ஊற்றிவிட்டு, காலிக் கேனோடு திரும்பி வந்தார். “எழுதிக் கொடுக்கிற இடத்தை விசாரிச்சுச் சொல்றேன்னு சொன்னியே தம்பி?” என்றார். சொன்னோமா? நினைவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

“விசாரித்துக்கொண்டிருக்கிறோம் அம்மா” என்றோம்.

இறக்கத்திலே டாங்கர் மறைந்துவிட்டது. குடிசை வாசலிலே பேரன் டம்ளரோடு நின்றான். அந்த டம்ளரிலே கறுப்பு வெளுக்கும் வரையிலே, விசாரித்துக்கொண்டே இருப்போம்!